சத்தம் மாறுகிற வரைக்கும்

ஒரே ஒரு அடிதான். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அது திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளாமல் பழைய பனியன் துணியைச் சுற்றி ஓரமாக மடக்கி வைக்கும்போது நம்பிராஜன் இதை நாலாவது தடவையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டான். ஒரு அடிக்கு ஆள் சாகமாட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி, பணகுடியில் ஆனி மாதத்துக் காற்று கணவாயிலிருந்து இறங்கி வந்து இரும்புக் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது, தாழ்ப்பாள் டங், டங் என்று இடித்தது, நாளைக்கு அதில் ஒரு ரப்பர் துண்டு வைக்க வேண்டும் என்று நினைத்தான், நாளைக்கு என்று நினைத்ததும் துணியை இன்னொரு சுற்று சுற்றினான். நாளைக்கு என்று ஒன்று உண்டா இல்லையா என்பது இப்போது திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிக் கிடக்கிற லாரி டிரைவரின் மண்டைக்குள் இருந்தது. ஆள் பெயர் பொன்னுரங்கம், சங்ககிரிப் பக்கம், ஐம்பத்தாறு வயசு என்று காலையில் மந்திரம் ஃபோனில் சொன்னான். பெயர் தெரியாமல் இருந்தவரைக்கும் கொஞ்சம் தேவலையாக இருந்தது. மந்திரம் இவன் பெண்டாட்டி வடிவின் தம்பி, அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், அந்த மண்டையைப் படம் எடுத்தவனே அவன்தான். “அத்தான், நீங்க வெளிய எங்கயும் போவாண்டாம். வண்டியயும் எடுக்காண்டாம். நம்பர யாரும் பாக்கல. ஆள் முழிச்சாருன்னா நான் கூப்பிடுதேன்.” முழிக்கவில்லை என்றால் என்ன என்று இவனும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஃபோனை ரேடியேட்டருக்கு மேலே உள்ள தகட்டில் சாய்த்து வைத்துவிட்டு எஞ்சினுக்குள் குனிந்தான். கையைச் சும்மா வைத்திருக்க முடியாது, அதுதான் விஷயம். சும்மா இருந்தால் கை நேற்றைக்குப் போய்விடுகிறது.

பிளாஸ்டிக் மூடியைத் தூக்கியதும் நாலு காயில்களும் வரிசையாகத் தலையைக் காட்டின. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், தலை மட்டும் வெளியே தெரியும், உடம்பு எஞ்சினுக்குள் இறங்கி அடியில் பிளக்கைக் கவ்விக்கொண்டிருக்கும். கழுத்துவரைக்கும் புதைத்த நாலு ஆட்கள். பெட்ரோலுக்குப் பொறி கொடுப்பது இவர்கள்தான், நாலு பேரில் ஒருத்தன் மக்கர் பண்ணினாலும் வண்டி கால் ஒடிந்த நாய் மாதிரி நொண்டும், மேட்டில் உதறும். ஒரு மாதமாக நொண்டிக்கொண்டுதான் இருந்தது. வொர்க்‌ஷாப்பில் விட்டால் என்ன என்று வடிவு கேட்டபோதெல்லாம், எண்பது மீட்டர் உயரத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மின்சாரம் எடுக்கிற காத்தாடிக்கு வைத்தியம் பார்க்கிறவன் தரையில் நிற்கிற காருக்கு இன்னொருத்தன் வாசலில் போய் நிற்பானா என்று சொல்லிவிட்டான். காத்தாடிக் கம்பெனியில் பதினோரு வருசம். காயில்தான் போயிருக்கிறது என்று அவனே முடிவு பண்ணி, வியாழக்கிழமை நாலு புதுக் காயில் வாங்கி வந்து ஷோகேஸில் கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்திருந்தான், ஞாயிற்றுக்கிழமை மாட்டலாம் என்று. சனிக்கிழமை நாகர்கோவிலில் கல்யாணம். ஒரே ஒரு நாள் முந்தி மாட்டியிருந்தால் திரும்பி வருகிற வழியில், பொழுது சாய்கிற நேரத்தில், அந்தப் பாலத்து ஏற்றத்தில் வண்டி நடுரோட்டில் உதறிக்கொண்டு நின்றிருக்காது. பின்னால் வந்த லாரி பிரேக்கைப் போட்டு, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறவள் மாதிரி அந்த ஹாரன் அலறியிருக்காது. அந்த ஆள் இறங்கி வந்திருக்க மாட்டான். கையில் என்னமோ வைத்திருந்தான். பளபளவென்று. இவன் சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தது அதைப் பார்த்த பிறகுதான். ஆமாம், பார்த்த பிறகுதான். ஒரு அடி, அதுவும் பயத்தில். பத்தாம் நம்பர் டி-ஸ்பேனரை முதல் காயிலின் போல்ட்டில் வைத்துத் திருப்பினான். கிரீச் என்றது. வயர் முனையைப் பூட்டிப் பிடிக்கிற நாக்கை அழுத்தி உருவினான், காயிலின் தலையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருகு, அந்தப் பக்கம் ஒரு திருகு, மேலே இழுத்தபோது ரப்பர் விட்டுக்கொடுத்து ப்ளக் என்று வந்தது. கடைவாய்ப் பல் பிடுங்குகிற சத்தம். குழிக்குள் எட்டிப் பார்த்தான், கீழே ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாக இருந்தது, அதற்குள்ளிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது, அவசர அவசரமாகப் புதுக் காயிலை அதில் இறக்கி வாயை அடைத்தான்.

அந்த ஆள் கீழே விழுந்த பிறகு ஒன்று அடித்தானோ. அடித்தான். சரி, ரெண்டு. ரெண்டாவது அடி கணக்கில் வராது, அது கை தானாகச் செய்தது. காத்தாடிக் கோபுரத்தின் அடித்தளப் போல்ட்டுகளை முறுக்குவதற்கு ஒரு வழி உண்டு, தலை தடித்த ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டி அதன் வாலைச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். எத்தனை அடி என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது. முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபோர்மேன் சொன்னது அவ்வளவுதான், “எண்ணாத. காத வையி. சத்தம் மாறுற வரைக்கும் அடி.” முதலில் தொள தொளவென்று ஒரு சத்தம் வரும், அடிக்க அடிக்க இறுகும், ஒரு அடியில் சட்டென்று மாறும், மணி அடித்த மாதிரியும் இல்லை, கல்லில் அடித்த மாதிரியும் இல்லை, இரும்பு போதும் என்று சொல்கிற சத்தம். அப்போது நிறுத்த வேண்டும். பதினோரு வருசமாக அவன் கை அந்தச் சத்தத்துக்காகத்தான் அடித்திருக்கிறது. நேற்று அந்த ஆள் காதுக்கு மேலே முதல் அடி விழுந்தபோது துணியில் சுற்றிய தேங்காயை அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. கை அடுத்ததற்கு ஓங்கிவிட்டது. கோபம் கூட இல்லை, அதுதான் இப்போது உடம்பைக் குளிர வைக்கிறது, அந்த ஒரு நொடியில் கோபம் கிடையாது, வேலை பாதியில் நிற்கிறது என்கிற நினைப்பு மட்டும்தான் இருந்தது. இதை எந்தப் போலீஸ்காரனிடம் சொல்ல முடியும். ஐயா, சத்தம் மாறவில்லை ஐயா.

வடிவு கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நேற்றுப் பாலத்திலிருந்து அவள் அவனிடம் பேசவில்லை. முன் சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தவள் எல்லாவற்றையும் பார்த்தாள், கத்தக்கூட இல்லை, கழுத்து நகையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து வண்டியைக் கிளப்பியபோது, “அவர அப்பிடியே போட்டுட்டா போறிய?” என்று கேட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு. இப்போது காபி டம்ளரை மதில் கட்டையில் வைத்தாள்.

“அந்த ஸ்பேனர் எங்க?”

“பாலத்துக்குக் கீழ எறிஞ்சாச்சு.”

“டிக்கில பாத்தேன், இல்ல. அதான் கேட்டேன்.” எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்தாள். “இன்னும் எவ்வளவு நேரமாவும்?”

“என்ன அவசரம் ஒனக்கு?”

“எனக்கென்ன அவசரம். படுத்துக் கெடக்காரே, அவருக்குத்தான் அவசரம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காபியில் காற்று மண்ணை அள்ளிப் போட்டது. அவன் எடுத்துக் குடித்தான், பல்லுக்கிடையில் மண் நறநறத்தது. அவள் மட்டும் அந்த நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். வண்டி உதறிக்கொண்டு நின்றபோது அவள் சிரித்தாள். பெரிய சிரிப்பு ஒன்றும் இல்லை, கல்யாண வீட்டுச் சந்தோஷம் இன்னும் வாயில் ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பு. “மலை ஒசரத்துக் காத்தாடிக்கெல்லாம் டாக்டரு, சொந்தக் காரு பாலம் ஏற மாட்டேங்கு,” என்றாள். எத்தனையோ தடவை இப்படிக் கிண்டல் பண்ணியிருக்கிறாள், அவனும் சேர்ந்து சிரித்திருக்கிறான். நேற்று ஏன் அது உள்ளே போய்க் குத்திக்கொண்டு நின்றது. போல்ட்டில் நூல் மாறி ஏறினால் அப்படித்தான், முன்னாலும் போகாது பின்னாலும் வராது, அடித்துத்தான் உடைக்க வேண்டும்.

அந்த டிரைவருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால். அதற்கு வழி இருக்கிறது, அது ஒரு பயங்கரமான நினைப்பு, ஆனால் வந்துவிட்டது. அவனுடைய குடும்பத்துக்கு ஒரு சாமி உண்டு, ஊருக்கு மேற்கே தோட்டத்து ஓரம் விளைக்கடியில், ஒரு கல்தான், வழியாள் சாமி என்று பெயர். வழியாள் யார் என்று ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அப்பாவிடம் கேட்டான். அப்பா பீடியை அணைத்துவிட்டு, ரேஷன் கடை விசயம் சொல்வது மாதிரி சொன்னார், “நம்ம ஆளுவ அடிச்சுக் கொன்ன ஆளுதாம்ல. மலையாளத்துக்குப் பொதி கொண்டுபோன மனுசன். இந்த வழியா வந்தாரு, தண்ணி கேட்டாரு, வாய்ச்சண்டை, அடிச்சிட்டாவ. செத்தவரு சும்மா விடுவாரா, வீட்டுல ஒவ்வொண்ணா விழுந்துது. பொறவு கல்லு நாட்டி, கெடா வெட்டி, எங்களக் காப்பாத்துன்னு விழுந்து கும்பிட்டாச்சு.” பங்குனிக்குப் பங்குனி இன்னும் கும்பிடுகிறார்கள், இவனும் சட்டையைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டிருக்கிறான், அந்தச் சாமிக்குப் படைக்கும்போது மறக்காமல் ஒரு செம்பு தண்ணீர் வைக்க வேண்டும். கொன்றால் கும்பிட்டுக்கொள்ளலாம். கல் நாட்டிவிடலாம், பெயர் வைத்துவிடலாம், கெடா வெட்டிவிடலாம், எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. ஆள் பிழைத்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அப்பா சொல்லித் தரவில்லை. கண்ணைத் திறந்து, இவன்தானா என்று பார்க்கிற ஆளுக்கு முன்னால் எப்படிப் போய் நிற்பது, அதற்கு என்ன படையல். செத்துப்போ என்று ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்று தெரிந்தபோது டி-ஸ்பேனர் கையிலிருந்து நழுவி எஞ்சினுக்குள் எங்கேயோ விழுந்தது, அடியில் கையை விட்டுத் துழாவி எடுத்தான், எடுக்கும்போது தகட்டு விளிம்பு புறங்கையைக் கிழித்தது, ரத்தம் வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டான்.

ரெண்டாவது காயில். அதன் வயர் முனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. யார் சுற்றினார்கள் என்று ஒரு கணம் யோசித்தான், பிறகு யோசிப்பதை நிறுத்தினான். போன மாதம் பிளக் மாற்றும்போது இந்த முனையின் நாக்கை அவசரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான், படக்கென்று ஒடிந்தது. புது முனை வாங்க வேண்டும் என்றால் நெல்லைக்குப் போக வேண்டும். கம்பெனியில் எல்லோரும் செய்கிறதுதான், அவசரத்துக்கு ஒரு டேப், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம், மேலே ஏறி வந்து யார் பார்க்கப் போகிறார்கள். இப்போது எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி வழிந்து, முனை தொட்டும் தொடாமலும் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டான். ஆடியது. அப்படி இருக்காது என்று நினைத்தான். காயில்தான், காயில்தான். பேட்டரி வயரைத் திரும்ப மாட்டினான், உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பினான், எஞ்சின் கிளம்பி டுக் டுக்... டுக் என்று மொத்த உடம்பையும் உதறியது. வந்து குனிந்து அந்த முனையை ஒரே ஒரு விரலால் உள்ளே அழுத்தினான். உதறல் நின்றது. வண்டி பட்டு மாதிரி ஓடியது. விரலை எடுத்தான், நொண்டியது. அழுத்தினான், ஓடியது. பழைய காயில், நல்ல காயில். நாலும் நல்ல காயில்.

அப்போது எஞ்சின் சத்தத்துக்குள்ளிருந்து அந்த ஆள் பேசினான். இவ்வளவு நேரம் அந்த வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது, இப்போது பேச்சு வந்தது, மறந்து போயிருந்த பேச்சு இல்லை, நேற்றே ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்ததுதான், அதன்மேல் ஹாரனை அள்ளிப் போட்டு மூடி வைத்திருந்தான். ஹாரன் ஒரு தடவைதான் அடித்தது. பிறகு அந்த ஆள் லாரியை ஓரம்கட்டி இறங்கி, நடந்து வந்து, வடிவு பக்கத்துக் கண்ணாடியில் குனிந்து சொன்னான், “தம்பி, மூணு சிலிண்டர்லதானுங்க ஓடுது. காயில் கனெக்சன் எதாச்சும் லூசா இருக்கும். பேனட்டத் தூக்குங்க, ஒரு நிமிசத்துல பாத்துரலாம்.” கையில் இருந்தது கட்டிங் பிளையர். வடிவு திரும்பி இவனைப் பார்த்து, “பாத்தியளா, அண்ணாச்சிக்குச் சத்தத்தக் கேட்டே தெரியுது,” என்றாள். அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. அவர் சொன்னது சரி, சொன்ன அந்த நொடியிலேயே அது சரி என்று இவனுக்குத் தெரிந்துவிட்டது, தான் ஒடித்த நாக்கும் தான் சுற்றிய டேப்பும் கண்முன்னால் வந்து நின்றன, அதனால்தான் கை சீட்டுக்கு அடியில் போனது. அவர் பேனட்டைத் தூக்கக் குனிந்திருந்தார். குனிந்த தலையில் முதல் அடி. விழுந்த பிறகு ரெண்டாவது. மூன்றாவது அடியில் சத்தம் மாறியது. கை நின்றது.

ஃபோன் அடித்தது. விரல் முனையிலிருந்து அசையவில்லை, இடது கையின் முட்டியால் ஸ்பீக்கரைத் தட்டினான்.

“அத்தான், ஆள் முழிச்சிட்டாரு.” மந்திரத்தின் குரல் மூச்சு வாங்கியது. “நல்லாப் பேசுதாரு. இன்ஸ்பெக்டரு பக்கத்துலயே நிக்காரு. கேளுங்க, நல்ல விசயம். அவருக்கு மொகம் ஞாவகம் இல்லையாம். நம்பர் இல்ல. ஆணா பொண்ணான்னு கூடத் தெரியலங்காரு. வண்டிச் சத்தம் மட்டும் ஞாவகம் இருக்காம். மூணு சிலிண்டர்ல ஓடிச்சு, மூணு சிலிண்டர்ல ஓடிச்சுன்னு அதையே சொல்லிட்டுக் கெடக்காரு. நீங்க அந்தச் சத்தத்த மட்டும் சரி பண்ணிருங்க அத்தான். அம்புட்டுத்தான், முடிஞ்சுது.”

இணைப்பை மந்திரமே துண்டித்தான். விரலுக்கு அடியில் வண்டி ஒரு பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. கருவிப் பெட்டியில் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒரு கட்டு கிடந்தது, ஒன்றை உருவி முனையைச் சுற்றி மாட்டி, இழுத்தால் போதும், முப்பது வருசத்துக்கு அசையாது. மாட்டினான். அரைகுறையாக இழுத்தான். முழுக்க இழுக்கும் முன்னால் வடிவு பக்கத்தில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, ஸ்பீக்கரில் வந்ததை எல்லாம் கேட்டிருந்தாள் என்பது மட்டும் தெரிந்தது.

“சரியாயிட்டா?”

“ஆயிட்டு.”

“என்னதான் கோளாறு?”

காயில், வெயில், கடைக்காரன், பாலம் என்று சாக்குகள் எல்லாம் வாய்க்குள் வரிசையில் வந்து நின்றன. “நான் ஒட்டுன டேப்பு,” என்றான்.

“அவரு சொன்னதுதான,” என்றாள் வடிவு. சொல்லிக்கொண்டே கையை நீட்டி, டேக்கின் வளையத்துக்குள் விரலைக் கொடுத்து, முனையைப் பிடுங்கி வெளியே போட்டாள். எஞ்சின் திக்கியது, நொண்டியது, பேனட் தகடு கிடுகிடுவென்று ஆடியது. “இப்பிடியே இருக்கட்டும்.”

அவனுடைய வலது கை தோளுக்கு மேலே இருந்தது. அதில் டி-ஸ்பேனர் இருந்தது. அவன் அதைத் தூக்கவில்லை, அது அங்கே இருந்தது. அவளுடைய இடது காதுக்கு மேலே, வகிடு முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, அந்த இடத்தைக் கை அவனுக்கு முன்னாலேயே அளந்து வைத்திருந்தது. வடிவு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள், தெருநாய் கடிக்குமா கடிக்காதா என்று பார்ப்பதுபோல, நகராமல். “அத வச்சிட்டு வாங்க,” என்றாள், செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிற குரலில். திரும்பிக் கதவைத் திறந்து முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், பக்கத்துக் கண்ணாடி வழியாக அவளுடைய காதோரம் அவனுக்குத் தெரிந்தது. தன் கையிடம் திறக்கச் சொன்னான். திறக்கவில்லை. இடது கையைக் கொண்டுபோய் வலது கைச் சுண்டு விரலைப் பிடித்து நிமிர்த்தினான், பிறகு மோதிர விரலை, பிறகு நடு விரலை, வேறு யாருடைய கையிலிருந்தோ பிடுங்குவது மாதிரி. இரும்பு சிமெண்டுத் தரையில் விழுந்தது. வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான்.

வடிவு தன் ஃபோனில் தம்பியைக் கூப்பிட்டாள். “ஏலே மந்திரம், வார்டுக்குள்ளயா நிக்க? அந்த அண்ணாச்சி காதுகிட்ட ஃபோனக் கொண்டு போ. போன்னு சொல்லுதேன்லா. இன்ஸ்பெக்டரு நிக்கட்டும், அவரும் கேக்கட்டும்.” மந்திரம் என்னவோ கெஞ்சினான். “அக்கா சொல்லுதேன், கொண்டு போலே.” பிறகு ஃபோனை ஸ்டியரிங்கிற்கு மேலே நீட்டிப் பிடித்தாள். “ரேஸ் குடுங்க,” என்றாள் இவனிடம்.

கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. அழுத்தாமல் இருக்கலாம். கதவைத் திறந்து இறங்கிப் போய்விடலாம், அவள் கழுத்தை இந்தச் சீட்டோடு சேர்த்து அழுத்திவிடலாம், அதற்கும் ஒரு நிமிசம் போதும். அழுத்தினான். டுக் டுக்... டுக். டுக் டுக்... டுக். எஞ்சின் எல்லாவற்றையும் சொன்னது. ஃபோனில் கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரி இரைச்சல் மட்டும் வந்தது, யாரோ ஒரு நர்ஸ், ஒரு தள்ளுவண்டி. பிறகு மிகவும் மெலிந்த ஒரு குரல், நாக்கு தடித்துப்போய், ஆனால் அதே தன்மையோடு,

“இதேதானுங்க... கனெக்சன் லூசுங்க, வேற ஒண்ணுமில்ல... யாருங்க வண்டி இது?”

“என் வண்டி,” என்றான் நம்பிராஜன். சத்தம் வெளியே வரவில்லை. வடிவு ஃபோனை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து காத்திருந்தாள். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தான், தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் சொன்னான்.